யானைக்குக் கம்பளி போர்த்திய கம்பெனி

சேலம், நாமக்கல் பக்கம் இன்ஜினீயரிங் காலேஜ்களைவிட வேகமாகப் பெருகும் சமாசாரம் ஒன்று உண்டு. அந்தக் காலேஜ் பையன்கள் எடுக்கும் குறும்படங்கள்! ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப். குரூப்பில் ஆறு டைரக்டர், நாலு ஹீரோ, ரெண்டு மியூசிக் டைரக்டர். யாரிடம் நல்ல லேப்டாப் இருக்கிறதோ அவர் எடிட்டர். எதுவுமே இல்லாத அப்பாவி ஒருவன் மிஞ்சுவான். அவனுக்கு ‘புரொடக்‌ஷன் மேனேஜர்’ என்று பட்டம் கட்டி, டீ வாங்க அனுப்பிவிடுவார்கள்.

கதை? அது எப்போதும் ரெடி. அலாரம் அடிக்கும். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அதை அணைக்கும். எழுந்திருப்பவர் வாய்ப்புத் தேடும் உதவி இயக்குநர். கொஞ்சம் காதல், கொஞ்சம் மழை, ஒரு விபத்து. கடைசியில் பார்த்தால் எல்லாம் கனவு. மறுபடி அலாரம்! யூனிட்டில் யாருமே நிஜ வாழ்க்கையில் அலாரத்துக்கு எழுந்ததில்லை என்பது வேறு விஷயம்.

லொகேஷனில் மட்டும் காம்ப்ரமைஸே கிடையாது. நாமக்கல் பசங்களுக்குக் கொல்லிமலை, சேலத்துப் பசங்களுக்கு ஏற்காடு. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. முப்பதாவது வளைவில் கேமராமேன் வாந்தி, நாற்பதில் ஹீரோ வாந்தி. துணைக்கு வந்த ஹீரோயினின் அம்மா மட்டும் ஜம்மென்று உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுக்கொண்டு வருவார். மேலே போய்ச் சேரும்போது வெயில் இறங்கிவிடும். ‘மேஜிக் ஹவர் மச்சி, இதான் லைட்டு’ என்று டைரக்டர்கள் ஆறு பேரும் ஏகமனதாக அறிவிப்பார்கள். படத்தில் அவர்கள் ஒத்துப்போகும் ஒரே இடம் அதுதான்.

சரி, கீழேயே எடுத்தால்? டயலாக்கின் உணர்ச்சிகரமான பாதியில் ஒரு லாரி ஏர்ஹாரன் அடிக்கும். நாமக்கல் அல்லவா, அடிக்கத்தான் செய்யும். ‘உன்ன மறக்க முடியல...’ என்று ஹீரோ சொல்வதற்கும் ‘பாம்ம்ம்’ என்று லாரி சொல்வதற்கும் டைமிங் அத்தனை கச்சிதமாக இருக்கும். டப்பிங்கில் பார்த்துக்கலாம் என்பார்கள். டப்பிங் நடக்கும் ஹாஸ்டல் ரூமின் ஜன்னலும் அதே ஹைவேயைப் பார்த்துத்தான் திறக்கும்.

இந்த அவஸ்தைகளையெல்லாம் தாங்கள்தான் கண்டுபிடித்ததாகப் பசங்களுக்கு ஒரு பெருமிதம். மன்னிக்க வேண்டும் தம்பிகளா. லேட்டாக வரும் ஹீரோ, அடித்த கதை, பாதியில் காணாமல் போகும் டைரக்டர், இல்லாத மிருகத்துக்கு டூப்... அத்தனையும் உங்கள் தாத்தா காலத்திலேயே உங்கள் ஊரிலேயே நடந்து முடிந்துவிட்டது. அதுவும் சம்பளத்தோடு!

ஏற்காடு ரோட்டில் ஒரு பழைய வளைவு நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’. போகிற வருகிறவர்கள் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே ஸ்டூடியோ கிடையாது, இப்போது வீடுகள்தான். ஒரு காலத்தில் அங்கே இருந்த மனிதர் இருந்திருந்தால், வேலை நேரத்தில் செல்ஃபி எடுத்ததற்குச் சம்பளத்தில் பிடித்திருப்பார்.

அவர் பெயர் டி.ஆர். சுந்தரம். சொந்த ஊர் திருச்செங்கோடு. சினிமா முன்னோடி என்றதும் நமக்கு ஒரு டெம்ப்ளேட் உண்டு. மனைவியின் தாலியை அடகு வைத்தார், பட்டினி கிடந்தார், கலைத்தாயின் காலடியில் உயிரை விட்டார் என்று. ஸாரி, நம்ம ஆள் அந்த லிஸ்டிலேயே இல்லை. வசதியான ஜவுளிக் குடும்பம். 1907-ல் பிறந்தவர், படிக்கப் போன இடம் இங்கிலாந்தின் லீட்ஸ். படித்தது டெக்ஸ்டைல். திரும்பி வரும்போது பட்டத்தோடு கிளாடிஸ் என்ற ஆங்கிலேய மனைவியையும் அழைத்து வந்தார். 1930-களில் திருச்செங்கோட்டுக் குடும்பத்துக்கு ஒரு வெள்ளைக்கார மருமகள்! இதைவிடப் பெரிய சினிமாவை அவர் பிற்பாடு எடுக்கவே இல்லை.

நூல் வியாபாரம் பார்க்க வேண்டியவர் சினிமாவுக்கு எப்படி வந்தார்? சேலத்தில் வேலாயுதம் பிள்ளை என்பவர் ஏஞ்சல் ஃபிலிம்ஸ் நடத்தினார். அவரோடு கூட்டுச் சேர்ந்தார் சுந்தரம். ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘துருவா’, ‘நல்லதங்காள்’ என்று படங்கள். அந்த நாளில் தமிழ்ப் படம் எடுக்க வேண்டுமென்றால் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ ரயிலேற வேண்டும். ஹீரோ, ஹீரோயின், ஹார்மோனியம், சமையல்காரர், புளி மூட்டை சகிதம்! துச்சாதனன் உருவ உருவ சேலை கொடுக்கக் கிருஷ்ணர் இருந்தார். ரயில் டிக்கெட்டுக்கு யார் கொடுப்பது?

கலைஞனாக இருந்திருந்தால் கல்கத்தாவின் அழகில் மயங்கியிருப்பார். சுந்தரம் பில்லைப் பார்த்தார். இதற்கு ஊரிலேயே ஒரு ஸ்டூடியோ கட்டிவிடலாமே என்று கணக்குப் போட்டார். அப்படித்தான் ஏற்காடு அடிவாரத்தில் 1930-களின் நடுவில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. ஷூட்டிங் ஃப்ளோர், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். தென்னாட்டுத் திரைக்கலையின் பொற்காலம் பிறந்ததற்குக் காரணம் கலைத்தாகம் அல்ல, போக்குவரத்துச் செலவு!

அவர் அதை நடத்திய விதம் இருக்கிறதே, அதுதான் ஹைலைட். ஒரு ஸ்பின்னிங் மில்லை எப்படி நடத்துவார்களோ அப்படி. நடிகர், எழுத்தாளர், தச்சர், லைட்பாய் எல்லோருக்கும் மாதச் சம்பளம். நேரத்துக்கு வர வேண்டும், நேரத்துக்கு ஷாட் வைக்க வேண்டும். இன்ஸ்பிரேஷன் வரவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. மில்லில் மெஷின் அப்படிச் சொல்வதில்லை என்பது முதலாளியின் கட்சி.

ஆனால் இந்தக் கண்டிப்பான மனிதருக்குள் ஒரு குறும்புக்கார பி.ஆர்.ஓ. ஒளிந்திருந்தார். கம்பெனியின் முதல் படம் ‘சதி அகல்யா’. 1937. புராணக் கதை, கற்பைப் பற்றிய கதை, பக்திமான்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டிய கதை. ஹீரோயின் இலங்கையிலிருந்து வந்த தவமணி தேவி. படத்துக்கு விளம்பரம் வேண்டுமே? அகல்யாவாக நடித்தவர் நீச்சல் உடையில் நிற்கும் ஸ்டில்கள் வெளியாயின! தமிழ்நாடு ‘ஐயையோ’ என்று வாயைப் பொத்திக்கொண்டது. வாயைத்தான். கண்ணை அல்ல.

இன்றைக்கு ஃபர்ஸ்ட் லுக் போஸ்டரை நடுராத்திரி பன்னிரண்டு மணிக்கு விடும் ஜாம்பவான்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். கௌதம முனிவரின் சாபத்தால் கல்லான அகல்யா, சேலத்து முதலாளியின் சாமர்த்தியத்தால் கரன்சியானாள்.

அடுத்த வருஷமே இன்னொரு கூத்து. 1938-ல் வந்த ‘பாலன்’தான் மலையாளத்தின் முதல் பேசும் படம். எடுத்தது யார்? திருச்செங்கோட்டுக்காரர். எங்கே? சேலத்தில். டைரக்டர் எஸ். நொட்டாணி, மலையாளி அல்ல. கேமராமேன் ஒரு ஜெர்மானியர், போடோ குட்ஷ்வாகர். சேலத்து அக்னி நட்சத்திரத்தில் அந்த ஜெர்மானியர் என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்தாலே நமக்கு வேர்க்கிறது. அந்தப் படத்துக்காக முதன்முதலில் மைக்கில் பதிவான வார்த்தைகள் ஆலப்பி வின்சென்ட் சொன்ன ‘குட் லக் டு எவ்ரிபடி’ என்று மலையாள சினிமாக்காரர்கள் சொல்வதுண்டு. முதல் மலையாளப் பேசும் படத்தில் மலையாளத்துக்கு இரண்டாவது இடம்தான் கிடைத்தது!

1940-ல் ‘உத்தம புத்திரன்’. பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். கம்ப்யூட்டர் கிடையாது, க்ரீன் மேட் கிடையாது. அந்தக் காலத்து வழி இதுதான்: லென்ஸின் ஒரு பாதியை மறைத்துக்கொண்டு ஒரு சின்னப்பாவை எடுப்பார்கள். ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்துக்கொண்டு இன்னொரு சின்னப்பாவை எடுப்பார்கள். நடுவில் கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் ஒரு சின்னப்பாவின் மூக்கு இன்னொரு சின்னப்பாவின் காதுக்குள் போய்விடும். யூட்யூப் டுட்டோரியல் பார்த்தும் பசங்களுக்கு இன்றைக்குச் சொதப்புகிற விஷயம் இது. மேலே சொன்ன ஜெர்மானியரின் கைவண்ணம் இந்தப் படத்திலும் உண்டு என்பது கொஞ்சம் ஆறுதல்.

பத்து வருஷம் கழித்து இதையும் தூக்கிச் சாப்பிட்டார்கள். ‘திகம்பர சாமியார்’, 1950. எம்.என். நம்பியாருக்குப் பதினோரு வேடம்! வடுவூர் துரைசாமி அய்யங்காரின் துப்பறியும் நாவல் அது. வேஷம் போட்டுப் போட்டு மர்மத்தை உடைப்பதுதான் ஹீரோவின் வேலை, ஆகவே கதைக்குத் தேவையான வேடங்கள்தான். ஆனாலும் மில் முதலாளி ஒருவர் ஒரே சம்பளத்தில் பதினோரு ஆள் கிடைப்பதைக் கவனிக்காமலா இருந்திருப்பார்?

நடுவில் உலக யுத்தம் வந்தது. கச்சா ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் கத்தரிக்கோலைத் தூக்கியது. நாற்பது, ஐம்பது பாட்டு வைத்து விடிய விடிய ஓட்டிப் பழகிய தமிழ் சினிமாவுக்கு மூச்சு முட்டியது. எந்த எடிட்டராலும் முடியாத காரியத்தை ஹிட்லர் முடித்துக் கொடுத்தார். தமிழ் ரசிகனுக்கு அவரால் விளைந்த ஒரே நன்மை!

சர்க்காரின் யுத்தப் பிரசாரத்துக்குத் தோதாக அப்போது வந்த படங்களில் சேலத்துப் படமும் ஒன்று. 1945-ல் ‘பர்மா ராணி’. பர்மாவில் ஜப்பான்காரர்களின் அட்டூழியம், நம் விமானிகளின் வீரம். ஜப்பானிய ராணுவ அதிகாரி வேஷத்துக்கு ஆள் வேண்டும். யார் போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? டைரக்டர் கம் முதலாளி டி.ஆர். சுந்தரமேதான்! புரொடியூசருக்கு நடிப்பு ஆசை வருவது நமக்குத் தெரிந்த வியாதிதான். வந்தவர்கள் ஹீரோவாகத்தான் நிற்பார்கள். ஊரே திட்டப்போகும் வில்லன் வேஷத்தை எடுத்துக்கொண்ட முதலாளி அபூர்வம். தொழிலாளர்களுக்குத்தான் வித்தியாசம் தெரிந்திருக்காது.

இந்தக் கண்டிப்புக்குச் சான்றாகக் கோடம்பாக்கத்தில் ஒரு கதை இன்னும் உலவுகிறது. ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1956 பொங்கல் ரிலீஸ். தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படம், கேவாகலர். எம்.ஜி.ஆர்., பானுமதி. எம்.ஜி.ஆரின் தேதி சரியாகக் கிடைக்கவில்லையாம். சுந்தரம் கோபித்துக்கொள்ளவில்லை, கெஞ்சவில்லை. டூப் ஒருவரை வைத்து மிச்சக் காட்சிகளை லாங் ஷாட்டில் முடித்துவிட்டாராம். எம்.ஜி.ஆர். வந்து இறங்கியபோது, ‘படம் ரெடி, பாத்துட்டுப் போங்க’ என்று பிரிவியூ போட்டுக் காட்டினாராம். எத்தனை சதவீதம் உண்மையோ, அலிபாபாவுக்கே தெரியும். ஆனால் ஒரு முதலாளியைப் பற்றி இப்படியொரு கதை கிளம்ப வேண்டுமானால், அந்த ஆள் அதைச் செய்யக்கூடியவர் என்று ஊர் நம்பியிருக்க வேண்டும்.

இப்போது யானைக்கு வருவோம்.

1952-ல் அமெரிக்க லிப்பர்ட் கம்பெனிக்காக, சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் கூட்டில் தயாரான ஆங்கிலப் படம் ‘தி ஜங்கிள்’. தமிழில் ‘காடு’. ராட் கேமரூன், மேரி விண்ட்ஸர், சீஸர் ரொமேரோ நடித்தார்கள். ரொமேரோவைத் தெரியாதவர்களுக்கு: பிற்பாடு அமெரிக்க டி.வி. பேட்மேன் தொடரில் ஜோக்கராக வந்தாரே, அவரேதான். ஹீத் லெட்ஜருக்கும் வாக்கீன் ஃபீனிக்ஸுக்கும் பெரியப்பா முறை ஆகிற ஒரு ஜோக்கர், சேலத்துக் கம்பெனியின் படத்தில் இருக்கிறார்! இதுவரை ஒரு ஃபிளெக்ஸ் பேனர்கூட வைக்காமல் சேலம் எப்படிச் சும்மா இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

கதைப்படி, இந்தியக் காட்டில் யானைகள் மதம் பிடித்து ஊருக்குள் ஓடி வருகின்றன. ஏன்? எதையோ பார்த்துப் பயந்து. எதை? மாமத்தை! உடம்பெல்லாம் ரோமம் தொங்கும் பனியுகத்து ராட்சத யானை. ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே பூமியை விட்டுக் கிளம்பிப் போன ஜீவன். அதற்குக் கால்ஷீட் எங்கே வாங்குவது?

வாங்க வேண்டியதே இல்லை. நம்ம ஊர் யானையைக் கூப்பிட்டார்கள். மேலே ரோமக் கம்பளியைப் போர்த்தினார்கள். மாமத் ரெடி! நம் வெயிலில், முழு உடம்புக்கும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பனியுகத்து ஜந்து மாதிரி உணர்ச்சிவசப்பட வேண்டும். அந்த யானையின் முகத்தில் படம் முழுக்க ஓர் ஆழ்ந்த சோகம் தெரிகிறது. விமர்சகர்கள் அதை நடிப்பு என்று பாராட்டாமல் விட்டது அநியாயம்.

படம் ஹாலிவுட் வரலாற்றில் பெரிய இடம் எதையும் பிடிக்கவில்லை. ஆனால் காலேஜ் கல்ச்சுரல்ஸில் அம்மாவின் பட்டுப்புடவையைத் திரைச்சீலையாக்கி ராஜதர்பார் காட்டும் பையனுக்கு இதைவிட உற்சாகமான முன்னுதாரணம் உலகத்தில் கிடையாது. சேலத்தில் பட்ஜெட் இல்லை என்று யாரும் படத்தை நிறுத்தியதில்லை. யானையைத்தான் மாற்றினார்கள்.

காலேஜ் பையன் என்றேனே, உண்மையிலேயே ஃபிலிம் ஸ்டூடன்ட்டாக இருந்து, அந்த மோகத்திலேயே நம் பக்கம் வந்து சிக்கிக்கொண்ட ஒரு மனிதரைச் சொல்லாமல் விட்டால் பாவம். எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக்காரர். லாஸ் ஏஞ்சல்ஸின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். சினிமாவைப் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள் என்றால் உலகமே சிரித்த காலம். டங்கனின் வகுப்பில் ஓர் இந்தியப் பையன், மாணிக்லால் டாண்டன். வசதியான வீட்டுப் பிள்ளை. எல்லா பேட்ச்சிலும் ஒருவன் இருப்பான், ‘எங்க ஊருக்கு வாங்கடா, படம் எடுக்கலாம், எல்லாம் நான் பாத்துக்கறேன்’ என்று சொல்பவன். டாண்டன் அந்த ரகம்.

இந்த மாதிரி வாக்குறுதியை நம்பி நம் பசங்கள் மிஞ்சிப்போனால் நண்பனின் தோட்டத்துக்குப் போய்ப் பம்புசெட்டில் குளித்துவிட்டு வருவார்கள். டங்கன் கப்பலேறிவிட்டார். 1935. சில மாதம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்பது பிளான். திரும்பிப் போனது 1950-ல்! ஷெட்யூல் ஓவர்ஷூட் ஆவதில் இன்று வரை முறியடிக்கப்படாத ரெக்கார்டு.

டங்கன் வந்தபோது இங்கே ‘நந்தனார்’ எடுத்துக்கொண்டிருந்தார் டாண்டன். நந்தனாராக நடித்தவர் ஒரு பெண், நம் காவிரிக்கரைக் கொடுமுடியின் கே.பி. சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்ச ரூபாய்! 1935-ல்! ஹாலிவுட் பக்கத்தில் குடியிருந்துவிட்டு வந்த டங்கனுக்கே தலை சுற்றியிருக்கும். பண்ணை வேலை செய்யும் பரம ஏழையின் வேஷத்துக்கு லட்ச ரூபாய் தருகிற ஊர் இது என்று அவருக்கு அன்றைக்கே புரிந்துபோயிருக்க வேண்டும்.

டாண்டனுக்கு நிறைய வாய்ப்புகள் வந்தன. கைக்கு மீறியதில் ஒன்றை வகுப்புத் தோழனுக்குத் தள்ளிவிட்டார். அதுதான் ‘சதி லீலாவதி’, 1936. டங்கனுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அதனால் என்ன? வசனத்தைக் கவனிக்க உதவியாளர்கள், ஷாட்டைக் கவனிக்க டங்கன். பதினைந்து வருஷமும் அப்படியே ஓட்டினார். தமிழ் தெரியாமலே தமிழ்ப் படத்தில் ஜொலிக்கலாம் என்ற உயரிய மரபைத் தொடங்கி வைத்த பெருமையை நாம் ஹீரோயின்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அது டங்கனுக்குச் சேர வேண்டியது!

அந்தப் படத்தில் ஒரு வேடிக்கை. கதை எஸ்.எஸ். வாசனுடையது. ‘பதிபக்தி’ என்ற நாடகத்தைப் படமாக்கிக்கொண்டிருந்தவர்கள், இது எங்கள் கதை, திருடிவிட்டார்கள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். வாசன் சாட்சிக் கூண்டில் ஏறினார். ‘இல்லை, என் சொந்தக் கற்பனை’ என்று சத்தியம் செய்வார் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? ரெண்டு கதையுமே ஹென்றி வுட் அம்மையாரின் ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்ற பழைய ஆங்கில நாவலிலிருந்து வந்ததுதான் என்று போட்டு உடைத்துவிட்டார். அடித்தவனிடமிருந்து அடிக்கவில்லை, அடிக்கப்பட்டவனிடமிருந்தே நேரடியாக அடித்தோம்! கொரியன் குறும்படத்தைச் சுட்டுவிட்டு முழிக்கும் தம்பிகள், இப்படியொரு டிஃபென்ஸ் இருப்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அதே படத்தில் ஒரு சின்ன போலீஸ் வேஷத்தில் ஒல்லியான இளைஞர் ஒருவர் தலைகாட்டினார். எம்.ஜி. ராமச்சந்திரன். டங்கன் அவரைப் பெரிதாகக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. கண்டுகொண்டிருந்தால் அப்போதே ஒரு ஆட்டோகிராஃப் வாங்கியிருப்பார்.

டங்கன் பிறகு ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’ என்று உயரே போனார். எம்.எஸ். சுப்புலட்சுமியை வைத்து ‘மீரா’ எடுத்தார். வெள்ளைக்காரரைக் கோயிலுக்குள் விடமாட்டார்களே என்று, காஷ்மீர் பண்டிதர் போல வேஷம் கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படமெடுத்தார் என்றொரு கதையும் உண்டு. லொகேஷன் பர்மிஷன் கிடைக்காமல் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கும் இளைஞர்களுக்கு நான் இதை ஐடியாவாகச் சொல்லவில்லை. கேட்டால் நான் ஜாமீனுக்கு வரமாட்டேன்.

இந்த நித்திய மாணவரும் திருச்செங்கோட்டு மில் மாஸ்டரும் ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்தால் என்ன ஆகும்? 1950-ல் சேர்ந்தார்கள். பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தை வைத்து ‘பொன்முடி’ வந்தது. காதல் காட்சிகளில் டங்கன் அமெரிக்காக்காரர் என்பதைக் காட்டிவிட்டார். மாதுரி தேவியும் நரசிம்ம பாரதியும் அவ்வளவு நெருக்கமா என்று பத்திரிகைகள் பொங்கின. பொங்குவதற்காகவே சிலர் ரெண்டாவது தடவை போய்ப் பார்த்தார்கள்.

இரண்டாவது படம்தான் ‘மந்திரி குமாரி’. குண்டலகேசிக் கதை. வசனம் எழுத மாதச் சம்பளத்துக்கு ஓர் இளைஞர் சேலத்துக்கு வந்து தங்கியிருந்தார். மு. கருணாநிதி. மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்திய ‘சண்டமாருதம்’ பத்திரிகையில் இன்னொரு இளைஞர் வேலை பார்த்தார். கண்ணதாசன். இருவரும் நண்பர்களானார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். இந்த ரெண்டு பேரையும் காலையில் நேரத்துக்கு ஆபீஸுக்கு வரவைத்ததைத்தான் சுந்தரத்தின் மகத்தான சாதனை என்பேன்.

ஹீரோவாக எம்.ஜி.ஆரைப் போடலாம் என்றாராம் கருணாநிதி. சுந்தரத்துக்குத் தயக்கம். காரணம் நடிப்பு அல்ல, சம்பளம் அல்ல. தாடையில் இருந்த அந்தச் சின்னக் குழி! கடைசியில் அதை மறைக்கக் குட்டியாக ஒரு தாடி ஒட்டிச் சமாதானம் ஆனார்கள் என்று சொல்வார்கள். பின்னாளில் தமிழ்நாட்டுத் தாய்மார்கள் எந்தத் தாடையைப் பார்த்து உருகி ஓட்டுப் போட்டார்களோ, அது சேலத்தில் குவாலிட்டி செக்கில் ஃபெயிலான தாடை.

யோசித்துப் பாருங்கள். வசனகர்த்தா வருங்கால முதலமைச்சர். ஹீரோ வருங்கால முதலமைச்சர். டைரக்டருக்கு அவர்கள் பேசுவது புரியாது. முதலாளிக்கு அவர்கள் ரெண்டு பேருமே சம்பள ரெஜிஸ்டரில் இரண்டு வரி. தமிழ்நாட்டு அரசியலின் அடுத்த நாற்பது வருஷம் ஏற்காடு அடிவாரத்தில் லஞ்ச் பிரேக்கில் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. டீ வாங்கி வந்த புரொடக்‌ஷன் பையனுக்கு ஏதாவது தெரிந்திருக்குமா?

இந்த இடத்தில் டங்கன், உலகெங்கும் மாணவர் படங்களில் நடப்பதைச் செய்தார். படம் முடிவதற்குள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்! ‘மச்சி, செமஸ்டர் லீவு முடிஞ்சிருச்சு’ கதைதான், பதினைந்து வருஷ லீவு. வேறு கம்பெனியாக இருந்தால் டப்பாவை மூடிப் பரணில் போட்டிருப்பார்கள். சுந்தரம் தானே தொப்பியை மாட்டிக்கொண்டு மிச்சத்தை எடுத்து முடித்தார். டைட்டிலில் இரண்டு பேர் பெயரும் வந்தது. படம் சூப்பர் ஹிட். மில்லில் ஷிஃப்ட் மாறும்போது மெஷினை நிறுத்துவார்களா என்ன?

சுந்தரம் 1963-ல் காலமானார். மகன் ராமசுந்தரம் பொறுப்பெடுத்து, ஜெய்சங்கரின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று தென்னாட்டு ஜேம்ஸ்பாண்டை உண்டாக்கினார். கடைசியில் ஃப்ளோர்கள் போயின, வளைவு மிஞ்சியது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், தமிழ் தாண்டிப் பல மொழிகளில். பெரும்பாலான குறும்படக் கம்பெனிகள் நூறு லோகோ டிசைன் செய்யும் காலத்துக்குள்.

காலம் எப்படிச் சுற்றி வருகிறது பாருங்கள். சேலத்தில் மாதச் சம்பளத்துக்கு எழுதிய அந்த வசனகர்த்தாவின் பட்டப்பெயரைத் தாங்கிய கலைஞர் டி.வி.யில்தான் ‘நாளைய இயக்குனர்’ வந்தது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் அங்கே குறும்படம் காட்டி வெளியே வந்தவர்கள். ‘பீட்சா’, ‘சூது கவ்வும்’, ‘காதலில் சொதப்புவது எப்படி’ என்று அடுத்தடுத்துக் கிளம்பினார்கள். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு ஹாஸ்டலிலும் ஆறு டைரக்டர்கள் முளைத்தார்கள். பரவாயில்லை, ஆறு பேர் இருக்கட்டும். அதில் ஒருத்தனாவது சுந்தரம் மாதிரி பில்லைப் பார்க்கிறவனாக இருந்தால் படம் முடிந்துவிடும். மற்ற ஐந்து பேரும் டங்கன் மாதிரி ஊருக்குப் போனாலும்கூட!

சந்தேகம் இருந்தால் ‘மந்திரி குமாரி’யை ஒருமுறை போட்டுப் பாருங்கள். எந்தக் காட்சி ஓஹையோக்காரர் எடுத்தது, எந்தக் காட்சி திருச்செங்கோட்டுக்காரர் எடுத்தது என்று உங்களால் பிரிக்க முடிந்தால், தயவுசெய்து எனக்கும் எழுதுங்கள். நான் பலமுறை பார்த்துவிட்டேன், ஒட்டுப் போட்ட இடம் தெரியவில்லை.